விருதுக்கு நான் போட்ட இலக்கம்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். கதவுக்கு நேரெதிரே மேசையில் பிரதேச செயலாளர் சாமித்தம்பி சேர். அவருக்கு வலப்பக்கத்தில், ஒரு கையில் கோவையும் மறு கையில் மூக்குக்கண்ணாடியுமாகப் பிரதம லிகிதர் ரோசலின் மிஸ். யன்னலில் சாய்ந்தபடி ஜீப் சாரதி காதர் காக்கா. பொதியைக் கொண்டுவந்துவிட்டுக் கையெழுத்துக்காகக் காத்து நின்ற தபால்காரர். காணிப் பத்திர விசயமாகக் கிரானிலிருந்து விடியவே வந்து, வாங்கில் இருந்தபடியே நித்திரையாகிப் போன ஒரு அம்மா. ஆறாவது ஆள் நான். அந்த அம்மாவின் காலடியில் கால் கட்டிய கோழி ஒன்றும் கிடந்தது. அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

போன கிழமை வீட்டுக் கேற்றுக்கு வெள்ளை எனாமல் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தேன். அந்த வாசம் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. மூக்கில் ஏறினால் ஏதோ ஒரு பயமும் கூடவே வந்து குந்திக்கொள்ளும். அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. நான் முன்பு வேலை செய்த கந்தோரிலிருந்து ஒரு பிள்ளை. குரலைக் கேட்டால், நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பிறந்தும் இருக்கமாட்டாள் போலிருந்தது.

"அங்கிள், பழைய பொருட்பதிவேடெல்லாம் கொம்பியூட்டர்ல ஏத்துறம். இருநூற்றுப் பதினாலாம் இலக்கம், பித்தளைக் கேடயம் ஒண்டு, இன்னும் மூடுபடாமக் கிடக்கு. அது கந்தோருக்கு வந்த நேரம் ஆர் ஆர் அங்க இருந்தாங்க எண்டு ஒரு கட்டம் நிரப்பணும். உங்களுக்கு ஞாபகம் இரிக்கா?"

ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள். பயந்து பயந்து வேலை செய்தவனுக்கு எது மறக்கும்? தூரிகையைக் கீழே வைத்துவிட்டு ஆறு பேரையும் வரிசையாகச் சொன்னேன். கோழியை மட்டும் விட்டுவிட்டேன். பிறகு அது சரியா என்று கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்படித்தான். யாராவது வீதியில் நின்று நேரம் கேட்டாலும், இது ஏதோ விசாரணையாக இருக்குமோ என்று தோன்றும்.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். பள்ளிக்கூடம் அகதி முகாமாகி, அந்த முகாம் திரும்பப் பள்ளிக்கூடமானபோது எனக்கு மீசை முளைத்துவிட்டது. மீசையோடு போய்ப் பின்வாங்கில் இருக்க வெட்கம். ஆகவே அங்கே இங்கே அலைந்து, கல்யாணமும் கட்டி, கடைசியில் பிரதேச செயலகத்தில் தற்காலிக ஊழியனாக ஒட்டிக்கொண்டேன். நிரந்தரமாக்கும் கடிதம் இன்று வரும் நாளை வரும் என்று ஐந்து வருடம் போனது. தற்காலிக ஊழியனுக்குத் தூக்கமும் தற்காலிகம்தான்.

கந்தோரும் அப்போது தற்காலிகமே. சொந்தக் கட்டடம் சண்டையில் போனபின், மட்டக்களப்பு நகரத்துக்குள், வாவிக்கரையில் ஒரு வாடகை வீட்டுக்கு எங்களைக் கொண்டுவந்திருந்தார்கள். குசினி கணக்குக் கிளையாகியது. குளியலறையில் பழைய கோவைகள். மழைக்காலத்தில் வாவித் தண்ணீர் பின்வாசற்படி வரை வந்து, கோவைகளை எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். அக்கரையிலிருந்து தோணியில் வருகிற சனம் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டே உள்ளே வரும்.

அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் இலக்கம் இருந்தது. மேசைக்கு, கதிரைக்கு, மணிக்கூட்டுக்கு, தண்ணீர்ப் பானையின் மூடிக்கு. இலக்கம் எவரது கண்ணிலும் படும்படி எழுதப்பட வேண்டும் என்பது சுற்றறிக்கை. பிள்ளையார் படத்தின் கண்ணாடியில்கூட எழுபத்தேழு என்று வெள்ளைப் பெயின்றில் எழுதியிருந்தது. பக்கத்தில் இருந்த மாதா படத்துக்கு இலக்கம் இல்லை. "மாதா என்ட சொந்தம். மாற்றம் கிடைச்சா என்னோட வருவா. பிள்ளையார்தான் அரசாங்கத்துக்கு" என்பார் ரோசலின் மிஸ்.

சாமித்தம்பி சேரைப் பற்றிச் சொன்னால் நம்பமாட்டீர்கள். சட்டைப் பையில் இரண்டு பேனை வைத்திருப்பார். கந்தோர்க் கடிதத்துக்குக் கந்தோர்ப் பேனை, சொந்தக் கடிதத்துக்குச் சொந்தப் பேனை. ஒருநாள் அவசரத்தில் கந்தோர்ப் பேனையைக் கல்லடி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டு, ஊரடங்கு போடுவதற்குள் சைக்கிளில் பாலத்தைக் கடந்து வந்து வைத்துவிட்டுப் போனவர். பென்சில் சீவிய துண்டைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகாத மனுசன் என்று ஊரில் பேச்சு. கோடி ரூபாக் கணக்கில் நிவாரண அரிசி அவருடைய கையெழுத்தில் போய் வந்த காலம் அது. ஒரு மூட்டை குறைந்ததில்லை.

அவருடைய பெயரை விருதுக்கு அனுப்பியது ரோசலின் மிஸ். சிரேஷ்ட அரச உத்தியோகத்தர்களில் சிறந்தவர்களைத் தெரிவுசெய்து கொழும்பில் கேடயம் கொடுக்கிறார்கள் என்று சுற்றறிக்கை வந்திருந்தது. சேருக்குத் தெரியாமல் படிவத்தை நிரப்பி, அவர் கையெழுத்துப் போடுகிற கட்டுக்கு நடுவில் செருகிவிட்டார். சேரும் வாசிக்காமல் போட்டுவிட்டார். முப்பத்திரண்டு வருட சேவையில் அவர் வாசிக்காமல் கையெழுத்து வைத்தது அந்த ஒன்றுதான் என்று மிஸ் பிறகு பெருமையாகச் சொல்வார். ஐந்து வருடமாக ஒரு கணக்காய்வுக் கேள்விகூட வராத கந்தோர் என்பது படிவத்தின் முதல் வரி.

"ஓடிற்றர் ஒருத்தனாவது இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாத்தானே கேள்வி வாறத்துக்கு. வெடிச் சத்தத்துக்குப் பயந்து அவனுகள் வாறல்ல. அதுக்கு ஒரு விருது!" என்றார் காதர் காக்கா.

"காக்கா, நீங்க ஜீப்புக்கு அடிக்கிற பெற்றோல் கணக்கப் பாக்க ஒரு ஓடிற்றர் வரட்டும். அப்ப தெரியும் ஆருக்கு என்ன விருது எண்டு" என்றார் மிஸ்.

சிரிப்பு அவ்வளவோடு சரி. தெரிவான கடிதம் வந்தபோது சேர் சிரிக்கவில்லை. கொழும்பு மண்டபத்தில் மந்திரியின் கையால் கேடயம் வாங்கினால் மறுநாள் பத்திரிகையில் படம் வரும். அரசாங்கம் மாலை போட்ட ஆள் என்று அக்கரையில் இருக்கிற இயக்கத்துக்காரர்கள் பார்ப்பார்கள். அப்படிப் பார்க்கப்பட்ட இரண்டொருவருக்கு என்ன நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும். போகாவிட்டால், அரசாங்கம் கொடுப்பதை வாங்க மறுத்த ஆள் என்று இராணுவக் காம்பில் இருப்பவர்கள் பார்ப்பார்கள். அதற்கும் உதாரணங்கள் இருந்தன. சேருக்குக் கிடைத்தது கேடயம்; அதை எங்கே பிடித்துக்கொண்டு நிற்பது என்பதுதான் தெரியவில்லை. அவரைவிட நான்தான் கூடப் பயந்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அவருக்கு ஏதும் ஆனால் என்னை நிரந்தரமாக்க யார் எழுதுவார்?

கல்லடி வீட்டில் மட்டும் சந்தோசம். சேருடைய மனைவி ரீச்சர். நான் கடிதக் கட்டோடு போனபோது முன்னறைச் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

"கேடயம் வந்தா இந்த இடம். வாசலால வாற ஆக்கள் எல்லாரும் பாக்கணும்" என்றார். "முப்பத்திரண்டு வருசம், தம்பி. ஒரு கதிரை கொண்டுவந்தாரா, ஒரு கடதாசி கொண்டுவந்தாரா? இதையாவது கொண்டுவரட்டும்."

விழாவுக்கு நான்கு நாள் இருக்கையில் சேர் ஒரு தந்தி எழுதினார். பாதை மூடப்பட்டிருப்பதால் வர இயலவில்லை, மன்னிக்கவும். பாதை அப்போது திறந்துதான் இருந்தது. தந்தியைக் கொடுக்கத் தபாற்கந்தோருக்குப் போகும்போது, பொய்த் தந்திக்கு உடந்தை என்று என்னையும் பிடிப்பார்களோ என்று நாலு தரம் திரும்பிப் பார்த்தேன். மத்தியானமே சண்டை தொடங்கிப் பாதை உண்மையாகவே மூடப்பட்டது. அதைக் கேட்டுச் சேர் ஒரு பெருமூச்சு விட்டார். சண்டை மூண்டதற்காக ஆறுதலாக மூச்சு விட்ட ஒரே உத்தியோகத்தர் அன்று அவராகத்தான் இருந்திருப்பார்.

மூன்று மாதம் கழித்துத் தபாலில் அந்தப் பொதி வந்தது. அரக்கு முத்திரை வைத்த மரப்பெட்டி. அறையில் இருந்த ஆறு பேரில் ஐந்து பேர் விழித்திருக்க, சேர் பெட்டியைத் திறந்தார். பித்தளைக் கேடயம். அடியில் அவருடைய பெயர் வெட்டியிருந்தது. சேர் அதை ஒருதரம் தொட்டார், அவ்வளவுதான். காதர் காக்கா கை தட்டப் போய், சேருடைய முகத்தைப் பார்த்துவிட்டுக் கையைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அந்த நேரம் காம்பில் அவசரக் கூட்டம் என்று செய்தி வர, சேரும் மிஸ்ஸும் காக்காவும் ஜீப்பில் போய்விட்டார்கள். தபால்காரரும் போனார். கேடயம் மேசையில் கிடந்தது. வாங்கில் அந்த அம்மா குறட்டை விட்டார்.

களஞ்சியப் பொறுப்பாளர் அன்று மலேரியாவில் லீவு. அவருடைய வேலையை நான்தான் பார்த்தேன். பொதி பிரதேச செயலாளர் என்ற பதவிக்கு முகவரியிட்டு வந்திருந்தது. பதவிக்கு வருவது எதுவானாலும் கந்தோர்ச் சாமான், வந்த அன்றே பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று எனக்கு நூறு தரம் சொல்லித் தந்திருந்தார்கள். பெயர் வெட்டியிருக்கிறதே என்று நான் யோசிக்காமல் இல்லை. ஆனால் சேருடைய றப்பர் முத்திரையிலும் அவருடைய பெயர்தான் இருந்தது. அதற்கும் இலக்கம் இருந்தது. மேசையில் கிடந்து இது களவு போனால் யாரைப் பிடிப்பார்கள்? தற்காலிக ஊழியனைத்தானே?

பதிவேட்டைத் திறந்தேன். பித்தளைக் கேடயம், ஒன்று. பெறுமதி என்ற நிரலில் பேனை நின்றுவிட்டது. விலை தெரியாது. வெறுமையாக விடவும் கூடாது. அதற்கு முதல் கிழமை காதர் காக்கா மகளின் கல்யாணத்துக்குப் பித்தளைக் குடம் வாங்கிய விலை ஞாபகத்துக்கு வந்தது. கனம் கிட்டத்தட்ட ஒன்றுதான். அந்த விலையைப் போட்டேன். பிறகு நெருப்புக்குச்சியில் பஞ்சு சுற்றி, எனாமல் பெயின்றில் தோய்த்து, எவரது கண்ணிலும் படும்படி, சேருடைய பெயருக்கு நேரே கீழே, 214 என்று எழுதினேன்.

பின்னேரம் மூவரும் வந்தார்கள். சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது நீ எழுதினதா மனே?"

"ஓம் சேர்."

"எழுத்து நல்லா இரிக்கு."

ரோசலின் மிஸ்தான் வெடித்தார். "டேய், உன்ட தலையில மூளை இரிக்கா? சேருக்குக் குடுத்த விருதுக்கு இலக்கம் போட்டிருக்கான்! விட்டா அந்தக் கோழிக்கும் போட்டிருப்பாய்!"

கோழி அப்போது அங்கே இல்லை. விழித்தெழுந்த அம்மா அதைச் சேருக்கென்று விட்டுப்போகப் பார்க்க, நான்தான் பயந்து அவருடைய கையிலேயே திரும்பக் கொடுத்து அனுப்பியிருந்தேன். அதையாவது சரியாகச் செய்தேன் என்று சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் மிஸ் அடுத்ததைத் தொடங்கிவிட்டார்.

"மண்ணெண்ணெய் போட்டுத் தேச்சா இலக்கம் போயிரும் சேர்" என்றார் மிஸ்.

"பெயின்ற் போகும் மிஸ். பதிவு?"

பதிவேட்டில் ஏறியதை வெட்டுவதென்றால் பிழையாக ஏறியது என்று தலைமையகத்துக்கு எழுத வேண்டும். பிரதிகள் மாவட்டக் கச்சேரிக்கும் கணக்காய்வுக்கும் போகும். விசாரணைக்கு ஆள் வரும். கேடயம் வந்த கதை ஊர் முழுக்கத் தெரியவரும். அதோடு, இலக்கம் விழுந்த சாமானை வீட்டுக்குக் கொண்டுபோவது என்பது சேருடைய கையால் நடக்கிற காரியமும் இல்லை. சேர் கேடயத்தைத் தூக்கி அலுமாரியின் மேல், மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். கல்லடியில் ஆணி வெறும் ஆணியாகவே இருந்தது. அந்தப் பக்கம் போக எனக்கு முகமில்லை. கடிதக் கட்டை ஒரு மாதம் வேறு ஆளிடம் கொடுத்து அனுப்பினேன்.

அடுத்த மாதம் காணி வரிசையில் நின்று இரண்டு இளைஞர்கள் உள்ளே வந்தார்கள். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. செருப்பு நனைந்திருந்தது.

"அரசாங்கம் உங்களுக்கு விருது தந்ததாம். உண்மையா?" என்றான் ஒருவன்.

நான் தேநீர்த் தட்டோடு கதவில் நின்றேன். சேர் எழும்பாமல் அலுமாரியைக் காட்டினார்.

"அதுவா? அது கந்தோர்ச் சாமான் தம்பி. மணிக்கூடு இருநூற்று மூண்டு. அது இருநூற்றுப் பதினாலு. என்ட எண்டா வீட்டிலயெல்லோ இரிக்கும்."

அவன் கிட்டப் போய் இலக்கத்தை விரலால் தடவிப் பார்த்தான். மற்றவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "ஐயாட பேருக்குக் கீழயே நம்பர் அடிச்சிருக்கானுகள்" என்றான். தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு காம்பிலிருந்து ஒரு கப்டன் வந்தார். அரசாங்கத்தின் கேடயம் கந்தோரில் எல்லாரும் பார்க்கிற இடத்தில் இருப்பதைக் கண்டு மெத்தச் சந்தோசப்பட்டு, சேருக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார். அன்று பின்னேரம் சேர் என்னைக் கூப்பிட்டார்.

"மனே, அந்த இலக்கம் மங்குதுபோல கிடக்கு. இன்னொருக்காப் பெயின்ற் அடிச்சு விடு."

அடித்தேன். என் நிரந்தரக் கடிதம் அந்த வருடம் வந்தது. ரோசலின் மிஸ் வாசித்துக் காட்ட, நான் அழுததாகக் காதர் காக்கா பல வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தார். பெயின்ற் வாசத்துக்குக் கண் எரிந்தது என்பதே உண்மை.

சேர் இளைப்பாறிய நாளில் ரீச்சர் கந்தோருக்கு வந்தார். வடை, கேக், பேச்செல்லாம் முடிந்ததும் அலுமாரியை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப அது?"

பதிவிலிருந்து கழித்து ஏலம் போட்டால் சேர் வாங்கலாம். ஆனால் பழுதான சாமானைத்தான் கழிக்கலாம், பித்தளையோ புத்தம்புதிதாக மின்னியது. "லேசா ஒரு தட்டுத் தட்டி நெளிச்சு விடட்டா?" என்று காதர் காக்கா காதுக்குள் கேட்டார். சேருக்குக் கேட்டுவிட்டது. "அரசாங்கச் சொத்து, காக்கா" என்றார்.

ரோசலின் மிஸ்தான் வழி கண்டுபிடித்தார். தற்காலிக இரவல். வருடத்துக்கு ஒருதரம், தை மாதத்தில் சாமான் எண்ணும்போது கொண்டுவந்து காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுபோகலாம். இரவலுக்குப் பிணை நிற்க நிரந்தர ஊழியர் ஒருவர் வேண்டும். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வாழ்க்கையில் நான் முதலும் கடைசியுமாகப் பிணை நின்றது அதற்குத்தான்.

அப்படித்தான் ஒவ்வொரு தையிலும் சேர் ஒரு சீலைப் பையோடு வந்தார். புதுச் செயலாளர் உள்ளே வந்து இருக்கச் சொன்னாலும் வரிசையில்தான் நிற்பார். அவருடைய முறை வந்ததும் பையிலிருந்து கேடயத்தை எடுத்து என் மேசையில் வைப்பார். நான் இலக்கத்தைப் பார்த்துச் சரி போடுவேன். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, "இப்ப ஒரு பேனைதான் மனே" என்பார்.

வழியில் விழுத்திவிடுவாரோ என்று ஒரு வருடம் நான் கூடவே பாலம் வரை போனேன். சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் பையைத் திறந்தான். கேடயத்தில் இருந்த பெயரையும் அடையாள அட்டையையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, உன்னுடையது என்றால் இந்த நம்பர் எதற்கு என்று கேட்டான். சேர் சிங்களத்தில் ஆறுதலாக முழுக் கதையையும் சொன்னார். அவன் துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு, மற்றவர்களைக் கூப்பிட்டு, அவர்களுக்கும் ஒருதரம் சொல்லச் சொன்னான். பிறகு எல்லாருமாக என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நம்பர் போட்ட ஆள் இவன்தான் என்று சேர் சொல்லியிருக்க வேண்டும்.

கல்லடி முன்னறையில் அந்த ஆணியில் கேடயம் தொங்கியதை நான் இரண்டு தரம் கண்டிருக்கிறேன். வீடு கடற்கரைப் பக்கம். சேருக்குக் கடற்காற்று நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஒரு மார்கழியில், நத்தார் பண்டிகைக்கு மறுநாள், கடல் வந்தது. நான் மூன்றாம் நாள்தான் போக முடிந்தது. கிணறு இருந்தது. வாசற்படி இருந்தது. சுவர் என்று சொல்ல ஒன்றும் இல்லை. சேரையும் ரீச்சரையும் தேவாலயத்துக்குப் பின்னால் மற்றவர்களோடு சேர்த்து அடக்கம் செய்துவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் மிஞ்சிய ஒருவர் சொன்னார். அடுத்த தையில் சாமான் எண்ணினோம். மணிக்கூடு இருந்தது, பிள்ளையார் இருந்தார். 214க்கு நேரே நான் சரியும் போடவில்லை, பிழையும் போடவில்லை.

வாடகை வீடும் இப்போது இல்லை. அந்த இடத்தில் வாவியைப் பார்த்தபடி ஒரு விருந்தினர் விடுதி நிற்கிறது. குளியலறை இருந்த இடத்தில் மீன் பொரிக்கிறார்கள். பாலத்துச் சாவடியை எடுத்துவிட்டார்கள். புதுப் பாலமும் வந்துவிட்டது. காதர் காக்கா மௌத்தாகிவிட்டார். ரோசலின் மிஸ் மகளோடு வெளிநாட்டில். மாதாவைக் கையோடு கொண்டுபோனதாகக் கேள்வி.

கடலில் போன கந்தோர்ச் சாமான்கள் எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் கழித்துவிட்டார்களாம் என்று அந்தப் பிள்ளை தொலைபேசியில் சொன்னாள். இது இரவலில் வெளியே இருந்ததால் அந்தப் பட்டியலில் ஏறவில்லை. இரவல் எடுத்தவர் இல்லை என்றால் பிணையாளி கட்ட வேண்டும்.

"சின்னக் காசுதான் அங்கிள். நீங்க கட்டினா அப்பவே மூடிருவன். அதோட அந்தச் சாமான் முடிஞ்சிது."

வாறன் மகள் என்றேன். மின்சாரப் பட்டியல் வந்த அன்றே கொண்டுபோய்க் கட்டுகிற ஆள் நான். கடன் என்ற சொல்லைக் கேட்டாலே வியர்க்கும். கேற்றில் பெயின்ற் காய்ந்து ஒரு கிழமையாகிறது. அந்தப் பிள்ளை இரண்டு தரம் திரும்ப எடுத்தாள். நான் இன்னும் போகவில்லை. பதிவேட்டில் 214க்கு நேரே, நான் போட்ட அந்தக் குடத்து விலை அப்படியே நிற்கிறது. நிலுவை, ரூபா எண்ணூற்று ஐம்பது.